பல்லுக்கு 300 வெள்ளி



பேராக் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இந்த மாதம் கிடைத்தது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. அவருடைய மூத்த மகன் பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் ஓட்டுகிறார். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த கடிதத்தில், பல் வைத்தியத்துக்கு வருடம் 300 வெள்ளி என்று ஒரு வரி இருந்ததாம். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த பிள்ளைக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. இரண்டு இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள் பக்கத்து டவுனில் 120 வெள்ளி கொடுத்துப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். லீவு முடிந்து போய் ரசீதை ஆபிசில் கொடுத்தால், இது செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாக ஒரு காசும் வாங்கவில்லை, அப்படியானால் அந்த 600 வெள்ளியை யார் சாப்பிட்டது என்று அந்தத் தாய் கேட்கிறார்.

கெட்டிக்காரத் தாய். வெறும் கடிதத்தோடு நிற்காமல், ரசீதின் நகலையும் கம்பெனி கையேட்டின் அந்தப் பக்கத்தையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார். பத்திரிகை வரும்வரை காத்திருந்தால் நாள் கடந்துவிடும் என்பதால் அவருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். ஆனாலும் இந்தச் சந்தேகம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. நம் பிள்ளைகள் பால்மரத்தையும் செம்பனையையும் விட்டுத் தொழிற்சாலைக்கும் கடைக்கும் ஆபிசுக்கும் போய் எத்தனையோ வருடமாகிறது. போன இடத்தில் என்னென்ன உரிமை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

முதலில் அந்த 600 வெள்ளிக் கணக்கு. யாரும் சாப்பிடவில்லை, அம்மா. அந்த 300 வெள்ளி உங்கள் மகன் பெயரில் எங்கோ போட்டு வைத்திருக்கும் சேமிப்பு அல்ல. அது ஒரு வரம்பு. இந்த வருடத்துக்குள் பல்லுக்கு நீ செலவு செய்தால், 300 வெள்ளி வரைக்கும் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் அந்த வரியின் பொருள். கலியாணப் பந்தியில் இலை போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தவர் சாப்பிடுகிறார். உட்காராமல் வீட்டுக்குப் போனவருக்குச் சாப்பாட்டுக் காசைக் கையில் கொடுப்பார்களா? அதுபோலத்தான். போன வருடத்து 300 வெள்ளி டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துபோனது. அநேகமாக எல்லாக் கம்பெனிகளிலும் மீதியை அடுத்த வருடத்துக்குத் தள்ளிக்கொண்டு போக விடமாட்டார்கள். ஆனால் இந்த வருடத்து 300 வெள்ளி இன்னும் முழுதாக இருக்கிறது.

இனி, ரசீது ஏன் செல்லவில்லை? நகலைப் பார்த்தவுடனேயே தெரிந்தது. சிறிய துண்டுக் காகிதம். தேதி இருக்கிறது, 120 வெள்ளி என்று இருக்கிறது, கிளினிக் முத்திரையும் இருக்கிறது. யாருக்கு வைத்தியம் செய்தார்கள், என்ன வைத்தியம் செய்தார்கள் என்பது இல்லை. அந்தக் காகிதத்தை நானும் காட்டலாம், நீங்களும் காட்டலாம். கம்பெனியின் கணக்கர் எதை வைத்துப் பணம் கொடுப்பார்? நோயாளியின் முழுப் பெயர், அடையாளக் கார்டு எண், எந்தப் பல், அதற்கு என்ன செய்தார்கள், எதற்கு எவ்வளவு, டாக்டரின் கையெழுத்து, இத்தனையும் ரசீதில் இருக்க வேண்டும். கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். பல்லைப் பிடுங்கிவிட்டுப் பஞ்சைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது இதையெல்லாம் கேட்கத் தோன்றாதுதான். ஆகையால் உள்ளே போகும்போதே, கம்பெனியில் கிளெய்ம் செய்ய ரசீது வேண்டும் என்று கவுண்டரில் சொல்லிவிடுங்கள்.

கையேட்டில் 30 நாளுக்குள் ரசீதைக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த மகன் திரும்பப் போய் அதே கிளினிக்கில் விவரமான ரசீது வாங்க இன்னும் நாள் இருந்தது. அதைத்தான் அவருக்கு எழுதினேன். ஆபிசில் இருந்தவர் செல்லாது என்று சொன்னதோடு, ஏன் செல்லாது என்பதையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம் பிள்ளையும் கேட்கவில்லை. இப்படித்தான் பல இடங்களில் நடக்கிறது.

இந்தத் திட்டங்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. அந்த மகன் வேலை செய்யும் இடத்தில் முதலில் கைக்காசைப் போட்டு, பிறகு ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளும் முறை. வேறு சில இடங்களில் பேனல் கிளினிக் முறை. கம்பெனி சில பல் கிளினிக்குகளோடு பேசி வைத்திருக்கும்; கார்டையோ கம்பெனியின் கடிதத்தையோ காட்டினால் போதும், கையிலிருந்து காசு போட வேண்டியதில்லை, வரம்புக்கு மேல் போனால் மட்டும் மிச்சத்தைக் கட்ட வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பேனலில் இல்லாத கிளினிக்குக்குப் போய்விட்டால், எவ்வளவு நல்ல ரசீது வைத்திருந்தாலும் பணம் திரும்பி வராமல் போகலாம். ஊருக்கு லீவில் வரும் பிள்ளைகள், தோட்டத்துக்குப் பக்கத்தில் எந்தக் கிளினிக் பேனலில் இருக்கிறது என்று புறப்படும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பல்வலிக்கு நல்ல நாள், பெரிய நாள் தெரியாது.

சில கம்பெனிகளில் பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் சேர்த்து ஒரே தொகை. வருட ஆரம்பத்தில் கண்ணாடி மாற்றிவிட்டால் பல்லுக்கு மிச்சம் இருக்காது. சில இடங்களில் மூன்று மாதமோ ஆறு மாதமோ சோதனைக் காலம் முடிந்து வேலை நிரந்தரமான பிறகுதான் இந்தச் சலுகை தொடங்கும். வேலையை விட்டு நிற்கப்போகிறவர் கடைசி நாளுக்கு முன்பே பல்லைக் காட்டிவிட வேண்டும். இன்னொன்று: தொழிற்சாலைக்குள் வேலை செய்தாலும், சம்பளம் கொடுப்பவர் குத்தகைக்காரராக இருந்தால், தொழிற்சாலை தன் ஆட்களுக்குக் கொடுக்கும் சலுகை உங்களுக்கு வராது. குத்தகைக்காரர் என்ன எழுதிக் கொடுத்தாரோ அதுதான். சம்பளச் சீட்டின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், விஷயம் விளங்கிவிடும்.

எந்த வைத்தியத்துக்குக் கொடுப்பார்கள் என்பதும் முக்கியம். பொதுவாகப் பல்லைச் சோதிப்பது, காறை எடுத்துச் சுத்தம் செய்வது, சொத்தையை அடைப்பது, பிடுங்குவது, அதற்கு வேண்டிய எக்ஸ்ரே, மருந்து, இவற்றுக்குக் கொடுப்பார்கள். பல்லை வெள்ளையாக்குவது, அழகுக்காகக் கம்பி கட்டுவது போன்றவற்றுக்குக் கொடுக்கமாட்டார்கள். பொய்ப்பல், பல்லுக்கு மேல் போடும் தொப்பி, வேர் வைத்தியம் ஆகியவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்குக்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். கிளினிக்கு கிளினிக் விலை மாறும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் பல்லைச் சுத்தம் செய்ய 100 வெள்ளி, அப்போது டாக்டர் கண்ணில் பட்ட சின்னச் சொத்தையை அடைக்க 110 வெள்ளி, ஆக 210. எல்லாம் கம்பெனி கணக்கு. 90 வெள்ளி இன்னும் மிச்சம். இதே சொத்தையை இரண்டு வருடம் அப்படியே விட்டால், அது நரம்பு வரைக்கும் இறங்கிவிடும். பிறகு வேர் வைத்தியம். 800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி 300 கொடுத்தாலும் 500 வெள்ளி நம் கைக்காசு. அந்த 500 இல்லாததால்தான் நம்மவர்கள் பிடுங்கிவிடுகிறார்கள். பல் கெட்டதால் பிடுங்கியது பாதி, காசு இல்லாததால் பிடுங்கியது பாதி.

வைத்தியம் பெரிதாக இருந்து, டாக்டர் அதை இரண்டு மூன்று தடவையாகச் செய்யலாம் என்று சொன்னால், டிசம்பரில் ஒரு தடவையும் ஜனவரியில் ஒரு தடவையும் போவதில் தவறில்லை. இரண்டு வருடத்து வரம்பும் உதவும். ஆனால் டிசம்பரில் செய்ததை ஜனவரித் தேதி போட்டுத் தரச் சொல்லாதீர்கள். தம்பியின் பல்லை அண்ணன் பெயரில் எழுதச் சொல்லாதீர்கள். சின்ன விஷயம் என்று நினைப்போம்; கம்பெனி அதைப் பொய்க் கிளெய்ம் என்று எடுத்து விசாரணை வைத்து வேலையை விட்டே நிறுத்திவிட முடியும். 100 வெள்ளிக்காக வேலையைப் பறிகொடுக்க வேண்டுமா? அதேபோல, வீட்டிலும் அழகுக் கடையிலும் மலிவாகப் பல்லுக்குக் கம்பி கட்டிவிடுகிறோம் என்று விளம்பரம் செய்கிறார்கள். பதிவு பெற்ற பல் டாக்டர் அல்லாதவரிடம் வாயைத் திறக்காதீர்கள். அந்த ரசீதுக்குக் காசும் வராது. ஈறு கெட்டால் கேட்க ஆளும் இருக்காது.

மனைவி பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அங்கேதான் நம் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. திருமணப் பத்திரம் கொடு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் கொடு என்பார்கள். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்து, பதிவு மட்டும் செய்யாமல் வாழ்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்ததிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் கட்டாயம் பதிவாக வேண்டும். பதிவில்லாத மனைவியின் பெயரைக் கம்பெனி தன் புத்தகத்தில் ஏற்றாது. பல்லில் தொடங்கி ஆஸ்பத்திரிச் செலவு, சொக்சோ, சேமநிதி வரைக்கும் அந்த ஒரு காகிதம் இல்லாமல் எத்தனை பெண்கள் அலைகிறார்கள் என்பதைத் தோட்டப்புறத்தில் இருக்கிற எனக்குச் சொல்லவேண்டியதில்லை. இதைத் தனியாகவே எழுத வேண்டும்.

அந்தத் தாய் கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். அவர் கணவர் அதே தோட்டத்தில் குலை வெட்டுகிறார். தொழிற்சாலைக்காரனுக்குப் பல் காசு உண்டு, தோட்டத்துக்காரனுக்குப் பல் இல்லையா என்கிறார். படித்ததும் சிரித்துவிட்டேன், பிறகு சிரிப்பு வரவில்லை.

பல் வைத்தியத்துக்கு முதலாளி பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்லவில்லை. அது முதலாளி விரும்பிக் கொடுப்பது, அல்லது தொழிற்சங்கம் பேசி வாங்குவது. நம் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் தொடங்கியது. தொழிற்சங்கங்கள் முதலாளிமாருடன் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் குறைந்தது மூன்று வருடத்துக்கு நடப்பில் இருக்கும். அதில் என்ன இருக்கிறதோ அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இல்லாததை அடுத்த பேச்சில் சேர்க்கச் சொல்லவும் உரிமை உண்டு. தோட்டக் கமிட்டித் தலைவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றி மட்டுமே எல்லாரும் பேசுகிறோம். பல்லைப் பற்றி ஒருவராவது எழுந்து பேசட்டுமே.

ஆனால் சட்டம் கொடுக்கிற ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தீபகற்பத்தில் நடப்பில் உள்ள 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், 60எஃப் பிரிவில், பல் டாக்டர் சோதித்துக் கொடுக்கும் எம்.சி.க்கும் சம்பளத்தோடு சீக்கு லீவு உண்டு என்று சொல்கிறது. காய்ச்சலுக்கு மட்டும்தான் எம்.சி. என்று நினைத்துக்கொண்டு, பல் பிடுங்கிய அன்று சம்பளமில்லாமல் வீட்டில் படுத்தவர்கள் எத்தனையோ பேர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு வருடத்தில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் இருப்பவருக்கு 18 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். பல்லுக்கென்று தனி நாள் கிடையாது. இந்தக் கணக்குக்குள்ளேதான் அடங்கும். சீக்கு லீவு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிட வேண்டும். தெரிவிக்காமல் இருந்தால், கையில் எம்.சி. இருந்தாலும் சொல்லாமல் நின்றவராகவே கணக்கு. மண்டோரிடம் வாயால் சொன்னேன் என்பதைவிட, போனில் ஒரு செய்தி அனுப்பி வைத்துக்கொள்வது பத்திரம்.

வேலை செய்யும்போது மட்டை விழுந்தோ, சறுக்கி விழுந்தோ பல் உடைந்தால் கதை வேறு. அது வேலையிட விபத்து, சொக்சோவின் கணக்கு. பல்தானே என்று வீட்டுக்குப் போய்விடாமல், அன்றைக்கே ஆபிசில் பதியச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் இது பொருந்தும். இப்படி உடைந்த பல்லுக்குக் கம்பெனியின் 300 வெள்ளி வரம்பைச் செலவழிக்க வேண்டியதில்லை.

பிறகு, அரசாங்கப் பல் கிளினிக்கை மறக்காதீர்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. பொய்ப்பல் போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்றாலும் தனியார் விலைக்கு அது பக்கத்திலேயே வராது. காத்திருக்க வேண்டும், தேதி வாங்க வேண்டும், அது உண்மை. வலி வந்த அன்று காலை போய் நின்றுகொண்டு கோபப்படுவதைவிட, வலிக்காத நாளில் தேதி வாங்கி வைப்பது எளிது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கே பல் குழு வருகிறது, இலவசமாக. இதற்கான தாதியர்களுக்கு 1949 முதலே பினாங்கில் பயிற்சிப் பள்ளி இருந்தது. இதை எழுதும்போது ஆசிரியர் என்ற முறையில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். சம்மதப் பாரத்தைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புகிறோம். கையெழுத்தில்லாமல் திரும்பி வருகிறது, அல்லது வருவதே இல்லை. பிள்ளை பயப்படுகிறான் என்கிறார்கள். பயப்படுவது பெரும்பாலும் பிள்ளை அல்ல.

300 வெள்ளி விஷயத்துக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று யாராவது நினைக்கலாம். பல்லை மட்டும் நினைத்து நான் எழுதவில்லை. நம் பாட்டிமார் பல் போன பிறகு சின்ன உரலில் வெற்றிலையை இடித்துப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று கன்னத்தில் அடக்கி வைக்கும் பழக்கம் வாய்ப் புற்றுநோய்க்கு வழி. மலேசியாவில் இந்த நோய் இந்தியர்களிடம், அதிலும் நம் பெண்களிடம் அதிகமாகக் காணப்படுவது சுகாதார அமைச்சின் பதிவுகளில் உள்ளது. அதனால்தான் 1997-இல் அமைச்சு வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, தோட்டங்களையும் அதில் சேர்த்தது. பல் டாக்டர் காறை எடுக்கும்போது நாக்கின் ஓரத்தையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்ப்பார். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தால் அவர் கண்ணில் படும். வலிக்காது என்பதால் நமக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண் எதுவானாலும் காட்டியே ஆக வேண்டும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஈறு வேறு சீக்கிரம் கெடும்; ஈறு கெட்டால் இனிப்புநீரும் கட்டுக்குள் நிற்காது. நம் வீடுகளில் இனிப்புநீர் இல்லாத வீடு எது?

ஆக, மனைவிக்கும் சேர்த்துக் கொடுக்கும் கம்பெனியில் இருக்கும் பிள்ளைகளே, அம்மாவுக்கும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பெற்றோருக்கு இருக்காது. இல்லையென்றால் லீவில் வரும்போது ஒரு நாள் அம்மாவைக் காரில் ஏற்றி அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வெற்றிலைப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். டாக்டர் முன்னால் அதைப் பிரிக்கும் தைரியசாலிகளும் நம்மிடம் உண்டு.

வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2024 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல், பல் சோதனைக்கும் வைத்தியத்துக்கும் சொந்தக் காசில் செய்த செலவில் 1,000 வெள்ளி வரை மருத்துவச் செலவுக் கழிவில் காட்டலாம். அழகு வைத்தியம் சேராது. கம்பெனி கொடுத்துவிட்ட தொகையை மறுபடி அங்கே காட்டக்கூடாது. கைக்காசில் போனதை மட்டும் காட்ட வேண்டும். ஆகவே கம்பெனிக்கு ரசீதைக் கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாய்க்கு மீண்டும் வருகிறேன். மகனுக்கு இடது பக்கம் இன்னொரு பல்லிலும் கறுப்பாக ஓட்டை தெரிவதாக எழுதியிருக்கிறீர்கள், இன்னும் வலிக்கவில்லை என்றும் சொல்கிறீர்கள். பிடுங்கிய பல்லின் 120 வெள்ளி போக இந்த வருடத்தில் இன்னும் 180 வெள்ளி இருக்கிறது. டிசம்பர் 31 வரைக்கும்தான். அந்த ஓட்டையை இப்போதே அடைக்கச் சொல்லுங்கள். ரசீதில் பெயரும், அடையாளக் கார்டு எண்ணும், எந்தப் பல் என்பதும் இருக்கட்டும். மறுபடியும் செல்லாது என்று சொன்னால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பி வையுங்கள்.

அடுத்த மாதம் திருமணப் பதிவைப் பற்றி எழுதுகிறேன். கோயிலில் கலியாணம் முடித்து, பதிவு செய்யாமல் வருடக்கணக்கில் வாழ்கிறவர்கள் தங்கள் கேள்விகளை இப்போதே எழுதி அனுப்பலாம். பெயரைப் போடமாட்டேன்.